மடி விட்டதால் கிடேரி பருவத்துக்கு வந்துவிட்டதாகுமா?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் வீட்டில் ஒரு கலப்பின ஜெர்சி கிடேரியும், இரண்டாம் ஈத்துப் பசு ஒன்றும், ஏழெட்டு வெள்ளாடுகளும் இருக்கின்றன. கிடேரிக்கு 26 மாதம் முடிந்தும் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வந்து கத்தவில்லை. மார்புச் சுற்றளவு 54 அங்குலம், உடல் நீளம் 45 அங்குலம் என்று அளந்தே எழுதியிருக்கிறார். பசு ஐந்து மாதத்துக்கு முன் கன்று ஈன்றது, நாளொன்றுக்கு 7 லிட்டர் கறக்கிறது. இரண்டு சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) தவறிவிட்டது. மூன்றாவது ஊசி போட்டு 40 நாள் ஆகிறது.

பயறு வகைகளிலும் சில கிழங்குகளிலும் தாவர ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோனைப் போன்ற பொருள்) இருக்கிறது, அது ஹார்மோன் ஊசிக்கு இயற்கையான மாற்று, பக்கவிளைவு கிடையாது என்று அவருடைய கொழுந்தனார் செல்போனில் ஒரு காணொளியைக் காட்டினாராம். அதன்படி ஆறு வாரமாகக் கிடேரிக்குத் தினமும் அரைக்கிலோ முளைகட்டிய பச்சைப்பயறு, ஒரு கிலோ சோயா பிண்ணாக்கு, 100 கிராம் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி கொடுத்துவருகிறார். இவற்றோடு, மழையில் நனைந்ததால் மலிவாகக் கிடைத்த மக்காச்சோளத்தை அரைத்து மாவாகவும் வைக்கிறார். மூன்று வாரத்தில் கிடேரிக்குப் பிறப்புறுப்பு தடித்து, மடி லேசாக விட்டு, காம்பு நீண்டிருக்கிறது. "மருந்து பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன் டாக்டர். உடனே சினை ஊசி போடலாமா? இதையே பசுவுக்கும் ஆடுகளுக்கும் கொடுக்கலாமா? பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு எதுவும் ஆகுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கிடேரியை அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி. பாதிப் பதில் அந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. ஆனால் உடனே செய்ய வேண்டியவை மூன்று உண்டு, அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நனைந்த மக்காச்சோள மாவை இன்றோடு நிறுத்துங்கள். கிடேரிக்கு இப்போது சினை ஊசி வேண்டாம். பசுவுக்கு அந்தப் பொடியைக் கண்ணில்கூடக் காட்டாதீர்கள், அது சினையாக இருக்க வாய்ப்பிருக்கிறது.

நீங்கள் பார்த்தது பருவமா?

பருவத்துக்கு வந்த மாட்டின் அறிகுறி 12 முதல் 18 மணி நேரம் இருக்கும், பிறகு அடங்கிவிடும். அதற்குள் கத்தும், தீனியில் நாட்டம் குறையும், அடிக்கடி சிறுநீர் விடும், கண்ணாடி போன்ற கோழை நூலாக இறங்கும். எல்லாவற்றையும் விட உறுதியான அடையாளம், வேறு மாடு மேலே தாவும்போது விலகாமல் நின்று கொடுப்பது. இதெல்லாம் 18 முதல் 24 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரவேண்டும்.

உங்கள் கிடேரியின் வீக்கமோ மூன்று வாரமாக அப்படியே இருக்கிறது. கத்தவில்லை, நின்று கொடுக்கவில்லை, கோழை இறங்கியதாகவும் நீங்கள் எழுதவில்லை. சினையே இல்லாத கிடேரிக்கு மடி விடுவதும் காம்பு நீளுவதும் பருவ அறிகுறிகளில் சேராது. வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் போன்ற ஒன்று தொடர்ந்து உடம்பில் சேர்கிறது என்பதற்கான அடையாளம் அது. மருந்து பிடித்துவிட்டது என்று நீங்கள் மகிழ்ந்த அதே அறிகுறியைத்தான் மருத்துவர்கள் ஒவ்வாத தீனியின் அறிகுறியாகப் படிக்கிறார்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது பயறையோ சோயாவையோ அல்ல, மக்காச்சோளத்தை. ஈரம் பட்ட மக்காச்சோளத்தில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வளர்ந்தால் ஜியரலினோன் என்ற நச்சு உண்டாகும். அது செடி தரும் பொருளல்ல, பூஞ்சை தருவது, ஆனால் உடம்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடிக்கும். பன்றிக்குத்தான் இதில் பாதிப்பு மிக அதிகம். மாட்டின் முதல் இரைப்பை ஓரளவு தாங்கினாலும், பருவம் வராத இளங்கிடேரிகளில் பிறப்புறுப்பு வீக்கமும் மடி விடுதலும் வரக்கூடியவைதான். மாவாக அரைத்துவிட்டால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் நச்சு போகாது. அடைமழையில் குறுவை வைக்கோலும் நனைந்திருக்கும் என்பதால் போரைப் பிரித்துப் பாருங்கள். கறுத்து, முடைநாற்றம் வீசி, உதறினால் தூசி பறக்கிற பகுதியைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

பார்த்தறிய எளிய வழி உண்டு. மாவு, முளைப்பயறு, பொடி மூன்றையும் நிறுத்தி, சோயா பிண்ணாக்கைக் கால் கிலோவாகக் குறைத்து நான்கு வாரம் விடுங்கள். வீக்கம் வற்றினால் காரணம் தீனிதான். வற்றாவிட்டாலோ, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ்போல ஒழுகினாலோ மருத்துவர் கையால் பார்க்க வேண்டும்.

தாவர ஈஸ்ட்ரோஜன் உண்மையில் என்ன செய்கிறது

கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. சோயா, குதிரைமசால், கிளோவர் போன்ற பயறினச் செடிகளில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த பொருள்கள் இருக்கின்றன. சோயாவில் ஜெனிஸ்டீனும் டைட்சீனும், சிலவகைக் கிளோவரில் ஃபார்மோனோனெட்டினும், குதிரைமசாலிலும் முளைகட்டிய சில பயறுகளிலும் கூமெஸ்ட்ராலும் காணப்படுகின்றன. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் இவற்றைச் சும்மா விடுவதில்லை. ஜெனிஸ்டீனை வேகமாக உடைத்து வீரியம் இல்லாமல் செய்துவிடுகின்றன. டைட்சீனையும் ஃபார்மோனோனெட்டினையுமோ ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகின்றன, அது மூலப்பொருளை விட வீரியமானது. எனவே "செடியில் இவ்வளவு இருக்கிறது" என்ற கணக்கை வைத்து மாட்டுக்கு இவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது.

தவறான மறுபாதி, இது இனவிருத்திக்கு உதவும் என்பது. இந்தப் பொருள்களைக் கால்நடை மருத்துவம் கண்டுகொண்டதே மலட்டுத்தன்மையின் வழியாகத்தான். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் கிளோவர் மேய்ந்த செம்மறிக் கூட்டங்களில் குட்டி ஈனுவது சரிந்தது, கருப்பை வெளித்தள்ளியது, குட்டி வரமுடியாமல் தாய் ஆடுகள் செத்தன. காயடித்த கிடாக்களுக்குக்கூட மடிக்காம்பு பருத்தது. காரணம் அந்தச் செடியின் ஃபார்மோனோனெட்டின் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப்பின் உலகெங்கும் விதை வளர்ப்பவர்கள் அந்தப் பொருள் குறைந்த ரகங்களைத் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். இனவிருத்திக்கு நல்லதாக இருந்திருந்தால் கூடின ரகத்தையல்லவா தேடியிருப்பார்கள்?

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் எந்த விளம்பரத்தையும் நீங்களே எடைபோட முடியும். பருவத்தின்போது சினைப்பையில் ஒரு முட்டைக் கொப்புளம் முதிர்ந்து, தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அது சட்டென்று ஏறி உச்சம் தொடும்போதுதான் மூளையடிச் சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அலையாக விடுகிறது. அந்த அலைதான் கொப்புளத்தை உடைத்து முட்டையை வெளியே கொண்டுவருகிறது. முட்டை வருவது பருவ அறிகுறி அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. ஆக, வேலை செய்வது ஈஸ்ட்ரோஜனின் அளவல்ல, அது ஏறி இறங்கும் வேகம். தீனி வழியாக நாள் முழுக்க ஒரே மட்டத்தில் வந்துகொண்டிருந்தால் மூளையடிச் சுரப்பிக்கு எது அழைப்பு, எது வெற்றுச் சத்தம் என்று தெரியாமல் போகிறது. கொப்புளம் உடையாமல் நீர்க்கட்டியாகத் தங்கலாம். வெளியில் வீக்கமும் கோழையும் இருக்கும், உள்ளே முட்டை வந்திருக்காது. அந்த நேரத்தில் போடும் ஊசி வீண். ஒரு காலத்தில் செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுக் கத்தவைத்தார்கள். மாடு கத்தியது, ஆனால் சினை பிடிப்பது அதிகமாகவில்லை. அந்த வழக்கம் கைவிடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. செம்மறியை ஒப்பிட்டால் மாட்டுக்குப் பாதிப்பு குறைவு, அந்தத் தீனியை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். உங்கள் கிடேரிக்கு நிரந்தரக் கேடு வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. சோயா பிண்ணாக்கும் விஷமல்ல, நல்ல புரதம். அடர்தீவனக் கலவையில் ஒரு பங்காக அது இருக்கலாம். 200 கிலோ கிடேரிக்கு அதையே ஒரு கிலோ தனியாக ஊட்டுவதுதான் அதிகம். புரதம் மிதமிஞ்சினால் இரத்தத்தில் யூரியா ஏறும், அதுவும் கரு தங்குவதற்கு ஆகாது. முளைகட்டிய பயறு ஒரு கைப்பிடி கொடுத்தால் குற்றமில்லை, ஆனால் அதற்குச் செலவழிக்கும் காசில் தாது உப்பு வாங்கினால் பலன் பன்மடங்கு.

குதிரைமசாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்டாவின் களிமண்ணில், தண்ணீர் தேங்கும் கொல்லையில் அது சரியாக வராது. வந்தாலும் மழைக்காலத்தில் இலைப்புள்ளி விழும். புள்ளி விழுந்த, அசுவினி பிடித்த குதிரைமசாலில்தான் கூமெஸ்ட்ரால் ஏறும். நம் பக்கத்துக்கு வேலிமசாலும் அகத்தியும் தட்டைப்பயறுமே பொருத்தம்.

கிடேரிக்குக் குறைவது ஈஸ்ட்ரோஜன் அல்ல

உங்கள் அளவுகளுக்கு வருவோம். மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். 54 × 54 × 45 = 1,31,220. 660ஆல் வகுத்தால் 199 கிலோ. கலப்பின ஜெர்சிக் கிடேரி பருவத்துக்கு வந்து ஊசி போடும் நிலையில் 220 முதல் 250 கிலோ இருக்க வேண்டும். நன்றாக வளர்த்தால் 15 முதல் 18 மாதத்திலேயே அந்த எடை வந்துவிடும். பருவத்தைத் தீர்மானிப்பது வயதைவிட எடைதான். 26 மாதத்தில் 199 கிலோ என்றால் அந்தக் கிடேரிக்கு ஹார்மோன் கோளாறு இருக்க வேண்டிய அவசியமே இல்லை, போதிய தீனி இல்லாமல் உடம்பு இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் இத்தனை நாள் கொடுத்துவந்தது வைக்கோல், வரப்புப்புல், தவிடு, கழுநீர். டெல்டாவில் பெரும்பாலான கொட்டில்களில் இதுதான் நடக்கிறது. நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட், இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் குறைந்தால் சினைப்பை சிறுத்து, வழவழவென்று செயலற்றுக் கிடக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் உண்டு, மாட்டால் அதைப் பயன்படுத்தவும் முடியும். ஆனால் தொட்டியில் இரண்டு கை தவிடு தூவுவதால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது: தட்டைப்புழு. வாய்க்கால், வயல், குட்டை எங்கும் நத்தை இருப்பதால் ஈரல் புழுவும் இரைப்பைத் தட்டைப்புழுவும் டெல்டா மாடுகளில் சாதாரணம். முடி சிலிர்த்து, சாணம் இளகி, தாடைக்கடியில் நீர் கோத்தால் சந்தேகமே வேண்டாம். அறிகுறி எதுவும் இல்லாமலும் இருக்கும். வழக்கமாகக் கடையில் கேட்டு வாங்கும் குடற்புழு மருந்துகளில் பல தட்டைப்புழுவுக்குக் கேட்காது. ஒரு தீப்பெட்டி அளவு சாணத்தைக் காலையில் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, அதற்கேற்ற மருந்தை எடைக்குத் தக்கபடி வாங்குங்கள். புழு இருக்கும்வரை நீங்கள் ஊட்டும் பயறு புழுவுக்குத்தான்.

தினத்தீனி இப்படி இருக்கட்டும்:

பசுந்தீவனம் 10 கிலோ. கம்பு நேப்பியர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வரப்புப்புல்.
வேலிமசால் அல்லது அகத்தி 3 கிலோ. கொடிக்கால் வைத்திருப்பவர்களிடம் அகத்தித் தழை கழிக்கும் நாளில் சொல்லிவைத்தால் மலிவாகக் கிடைக்கும்.
நல்ல வைக்கோல், தின்னும் அளவுக்கு, சுமார் 2 கிலோ.
அடர்தீவனம் ஒன்றரைக் கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்து.
தாது உப்புக் கலவை 30 கிராம், சாப்பாட்டு உப்பு 20 முதல் 30 கிராம்.

அடர்தீவனத்தை வீட்டிலேயே கலப்பதானால் நூறு கிலோவுக்குப் பூஞ்சை இல்லாத மக்காச்சோளம் அல்லது கம்பு 35, பிண்ணாக்கு 27, தவிடு 35, தாது உப்பு 2, உப்பு 1. பிண்ணாக்குப் பங்கில் கடலை, எள், சோயா எது விலை படிகிறதோ அதைக் கலந்துகொள்ளலாம். கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சை பார்த்து வாங்குங்கள். அதில் வருவது வேறு நச்சு, அது ஈரலைக் கெடுக்கும். சூபாபுல் தழை கிடைக்கிறதென்று அளவில்லாமல் போடாதீர்கள். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் அதிலுள்ள மிமோசின் தைராய்டைக் கெடுக்கும், முடி கொட்டும்.

இந்தத் தீனியில் நாளொன்றுக்கு 400 கிராம் வளர்ந்தால்கூட 240 கிலோவைத் தொட நூறு நாள் ஆகும். மார்கழியில் தொடங்கினால் பங்குனிக் கடைசி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே நாடாவால், காலையில் தீனிக்கு முன் அளந்து எழுதிவையுங்கள். அறுபது நாளில் மார்புச் சுற்றளவு கூடவே இல்லையென்றால் நூறு நாள் காத்திருக்க வேண்டாம், மருத்துவரை அழையுங்கள். 240 கிலோ வந்தபிறகும் கத்தாவிட்டால் அப்போது சினைப்பைப் பரிசோதனை அவசியம். பருவம் வந்து ராத்திரியில் யாரும் பார்க்காமல் போகிறதா, சினைப்பை உண்மையில் தூங்குகிறதா, பிறவியிலேயே உறுப்பு வளரவில்லையா என்பது கையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரட்டைக் கன்றில் காளைக்கன்றோடு பிறந்த கிடேரி என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். அப்படிப் பிறந்தவற்றில் பெரும்பாலானவை மலடு.

பசுவுக்குச் சிக்கல் நேரத்தில் இருக்கலாம்

பசுவை ஊசி நிற்காத மாடு என்று இப்போதே முத்திரை குத்தாதீர்கள். முறையாகப் பருவத்துக்கு வந்தும் மூன்றோ அதற்கு மேலோ ஊசி தவறினால்தான் அந்தப் பெயர். உங்கள் மாட்டுக்குத் தவறியது இரண்டு. மூன்றாவதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. நாற்பது நாளாகக் கத்தவில்லை என்பது நல்ல அறிகுறி. ஊசி போட்ட தேதியிலிருந்து 21, 42, 63 ஆகிய நாள்களையும், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மூன்று நாளையும் காலண்டரில் வட்டமிட்டு, விடியற்காலையிலும் இரவு பத்து மணிக்கும் கொட்டிலில் போய்ப் பாருங்கள். முதல் ஒன்றரை மாதம்தான் கரு அதிகம் அழியும் காலம். இந்த நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் வாடை உள்ள எதையும் புதிதாகக் கொடுப்பது தேவையில்லாத வம்பு. அறுபது நாள் கடந்ததும் மருத்துவர் கையால் பார்த்துச் சினையை உறுதிசெய்வார். அதற்குள் தெரிய வேண்டுமென்றால் ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டுகிற தூரமா என்று விசாரித்துவிட்டு வண்டி பிடியுங்கள்.

தவறிய இரண்டு ஊசிகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கவனத்தைப் பிடித்தது: "சாயந்தரம் கறக்கும்போது கத்தியது, சொல்லி அனுப்பினோம், மறுநாள் சாயந்தரம் வந்து போட்டார்." இது தாமதம். மாலையில் பருவம் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. காலையில் கண்டால் அன்று மாலை. நீங்கள் பார்த்ததற்கு எத்தனை மணி நேரம் முன்பே தொடங்கியிருந்தது என்பதும் தெரியாது. இருபத்துநாலு மணி நேரம் கழித்துப் போட்டால் முட்டை வந்து காத்திருந்து வீணாகியிருக்கலாம். அடுத்த இரண்டு நாளில் வாலில் இரத்தக் கறை கண்டதாகவும், அதனால் சினை கலைந்துவிட்டதென்று பயந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது கலைந்ததல்ல. பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் கலப்பின மாடுகளுக்கு அப்படிக் கறை படுவது இயல்பு. சினை பிடித்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பருவத்தையே பார்க்காமல் கறையை மட்டும் பார்த்தால், பருவம் இரண்டு நாளுக்கு முன்பே போய்விட்டது, அடுத்தது சுமார் 19 நாளில் என்று குறித்துக்கொள்ளலாம்.

ஊசி போடுபவரிடம் கேட்க உங்களுக்கு உரிமையுள்ள விஷயங்கள் சில உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். உறைவிந்துக் குச்சியில் காளையின் எண் அச்சாகியிருக்கும். அதையும் தேதியையும், மாட்டின் காதிலுள்ள 12 இலக்க வில்லை எண்ணோடு பதிவுசெய்யச் சொல்லுங்கள். குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்து இளக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்த்தோ, சட்டைப் பையில் வைத்தோ அல்ல. ஒரு வெப்பமானியும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் நீங்களே தயாராக வைத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. கோழை தெளிவாக இல்லாமல் வெண்மை கலந்திருந்தால் அன்று ஊசி வேண்டாம், கருப்பைக்கு வைத்தியம் முதலில்.

பசுவின் தீனியும் போதவில்லை. ஏழு லிட்டருக்கு, உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும், இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ வீதமும் சேர்த்தால் நாலு கிலோவுக்குச் சற்று மேல் அடர்தீவனம் தேவை. நல்ல பசுந்தீவனம் இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். நீங்கள் கொடுக்கும் இரண்டு கிலோ தவிட்டில் அது தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. தாது உப்பு 50 கிராம் சேருங்கள். குடற்புழு மருந்தை, சினையாக இருக்கலாம் என்று சொல்லி, மருத்துவர் கையால் மட்டும் வாங்குங்கள்.

மூலிகையே கூடாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். தஞ்சாவூரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவப் பிரிவு தொகுத்த முறைகள் இன்று நாடு முழுவதும் பால் உற்பத்தியாளர்களிடம் போயிருக்கின்றன. சினை பிடிக்காத மாட்டுக்கான முறை அவற்றில் ஒன்று. அதில் சோயாவோ முளைப்பயறோ கிடையாது என்பதைக் கவனியுங்கள். பருவம் வந்த முதல் அல்லது இரண்டாம் நாள் தொடங்கி, நாளுக்கு ஒருவேளை, வெல்லமும் உப்பும் சேர்த்து வாய்வழி கொடுக்க வேண்டியவை இவை: வெள்ளை முள்ளங்கி நாளுக்கு ஒன்று, 5 நாள். சோற்றுக்கற்றாழை மடல் நாளுக்கு ஒன்று, 4 நாள். முருங்கைக்கீரை நாலு கைப்பிடி, 4 நாள். பிரண்டைத் தண்டு நாலு கைப்பிடி, 4 நாள். கறிவேப்பிலை நாலு கைப்பிடி மஞ்சளோடு, 4 நாள். மொத்தம் 21 நாள், ஒரு முழுச் சுற்று. அது முடிந்து வரும் பருவத்தில் ஊசி போடலாம் என்பது என் யோசனை.

உங்கள் பசு மறுபடி கத்தினால் மட்டும் இதைச் செய்யுங்கள். இப்போது, சினை தெரியாத நிலையில் வேண்டாம். 199 கிலோ கிடேரிக்கும் வேண்டாம், உடம்பு தேறாத கிடேரியிடம் எந்த மூலிகையும் பேசாது. சினைப்பருவத்துக்கென்று டப்பாவில் விற்கும் மாத்திரைகளுக்கும் இதே நிபந்தனை. மருத்துவர் போடும் ஹார்மோன் ஊசிகளைப் பற்றி உங்களுக்குப் பயம் இருப்பது புரிகிறது. அவை சினைப்பையின் நிலையைப் பார்த்து, நாள் கணக்கு வைத்து, ஓரிரு முறை போட்டு உடம்பிலிருந்து வெளியேறிவிடுபவை. புராஸ்டாகிளாண்டின் ஊசி சினையைக் கலைத்துவிடும் என்பதால் பரிசோதிக்காமல் யாரும் அதைப் போட விடாதீர்கள். மற்றபடி ஆறு வாரம் அளவு தெரியாமல் ஊட்டும் பொடியைவிட அவை கட்டுப்பாடானவை.

பிள்ளைகள் குடிக்கும் பாலும், ஆடுகளும்

தாவர ஈஸ்ட்ரோஜன் மாறி உண்டாகும் ஈக்வால் பாலில் சிறிதளவு வருவது உண்மை. பயறினத் தீவனம் தின்னும் எந்தப் பசுவின் பாலிலும் அது இருக்கும், கவலை வேண்டாம். உங்கள் பசுவோ இதையெல்லாம் தின்னவே இல்லை. பூஞ்சைப் பிண்ணாக்கின் நச்சு பாலில் இறங்குவதுதான் பிள்ளைகளுக்கு உண்மையான கவலை, கறவைக்கு வாங்கும் பிண்ணாக்கை முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

ஆடுகளுக்குப் பொடியும் வேண்டாம், முளைப்பயறும் வேண்டாம். சம்பா அறுத்துத் தாளில் மேயும் மாதங்களில் அவற்றுக்கு அகத்தித் தழையும் தாது உப்பும் போதும். கிடாவோடு சேர்த்து விட்டால் தானாகப் பருவத்துக்கு வரும்.

தண்ணீர்விட்டான் பொடி மீதமிருந்தால் ஈரம் படாமல் மூடிவையுங்கள். பசு கன்று ஈன்றபின் பால் சுரப்புக்குக் கொடுப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம், அப்போது மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளலாம். அந்த மக்காச்சோள மாவை மட்டும் கோழிக்குக்கூடப் போட்டுவிடாதீர்கள். எருக்குழியில் கொட்டி மேலே சாணத்தைப் போட்டு மூடிவிடுங்கள்.